பெட்டிக்குள் படுக்கிற வேலை

குருநகர் கனிசியஸ் இதுவரை ஏழு படங்களில் செத்திருக்கிறார். ஒன்றிலாவது உயிரோடு வந்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இரண்டு படங்களில் கரையொதுங்கிய பிணம். ஒன்றில் ஷெல் விழுந்த வீட்டு முற்றத்தில் குப்புறக் கிடக்கிற பிணம். மற்றதெல்லாம் பெட்டிக்குள். சென்னையிலிருந்து வந்தாலென்ன, கனடாக் காசில் வந்தாலென்ன, யாழ்ப்பாணத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கதையில் ஒரு செத்தவீடு இல்லாவிட்டால் சரிப்பட்டு வராது. அந்தப் புண்ணியத்தில் கனிசியசுக்கு வேலைக்குக் குறைவில்லை.

இந்தத் தொழிலுக்கு அவரை இழுத்துவிட்டவன் சிவரூபன். முன்பு கல்யாண வீடுகளுக்கும் செத்தவீடுகளுக்கும் கதிரை, பந்தல் வாடகைக்குக் கொடுத்தவன். படக்காரர் வரத் தொடங்கியதும், கதிரையோடு சேர்த்து அதில் இருக்க ஆட்களையும் ஏற்றி அனுப்பத் தொடங்கினான். கனிசியஸ் அந்த நேரம் வீட்டில் சும்மா இருந்தார். முப்பது வருசம் சங்கு குளித்தவர். காதுச் சவ்வு கிழிந்து, இனித் தண்ணீருக்குள் தலை தாழ்க்கக் கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனைவி லூர்த்தம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சும்மா இருக்கிற மனிசனைச் சும்மா இருக்கிற வேலைக்கே கூட்டிக்கொண்டு போனான் சிவரூபன்.

சும்மா இருக்கிற வேலை என்றால் லேசு என்று நினைக்கக் கூடாது. விடியக் கருக்கலில் ஆட்களை ஏற்றிப்போக வான் வண்டி வரும். நிறம் மங்கின சாரம் இரண்டு, சேட் இரண்டு கொண்டு வரவேண்டும். புதிதாக ஒன்றும் உடுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சனம் புதுச் சேட் போடும் என்பதைப் படக்காரர் நம்புவதில்லை. போய் இறங்கியதும் எல்லாருடைய கைபேசியையும் ஒரு அரிசிப் பைக்குள் போடச் சொல்லி வாங்கிவிடுவார்கள், கதாநாயகனை யாரும் படம் பிடித்து முகநூலில் ஏற்றிவிடக் கூடாதாம். பிறகு ஒரு மாமரத்தின் கீழ் இருத்திவிடுவார்கள். வெயில் ஏறும், நிழல் நகரும், சனமும் நிழலோடு நகரும். பத்து மணிக்கு வேண்டும் என்று அவசரமாகக் கூப்பிட்ட ஆளை மூன்று மணிக்குத்தான் எழுப்புவார்கள். எழும்பி நடந்தால் 'இன்னொரு தடவை' என்பார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு சந்தியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார் கனிசியஸ். படம் வந்தபோது பார்த்தார். சைக்கிளின் பின்சில்லு வந்தது.

அங்கே ஒருவருக்கும் பெயர் கிடையாது. பச்சைச் சாரம் இங்கே வா, தாடி பின்னுக்குப் போ, அந்த மஞ்சள் சட்டை அம்மா கேமராவைப் பார்க்குது, அவங்களைத் தூக்கு. இப்படித்தான். வேதக்கோயிலில் முன் வாங்கில் இருந்து பூசை கண்ட மனிசன், அறுபத்திரண்டு வயதில் பச்சைச் சாரம் ஆனார். சனமும் விட்டுவைக்கவில்லை. படக்காரருக்கெல்லாம் மாமரத்தின் கீழிருந்தபடியே பட்டம் வைத்தார்கள். சாப்பாட்டில்கூட இரண்டு வரிசை. அவர்களுக்குச் சட்டியிலிருந்து நேரே கோப்பைக்கு, இவர்களுக்குக் காலையிலேயே கட்டி வைத்த பார்சல். பசியில் அதுவும் இறங்கத்தான் செய்தது.

பெட்டிக்குள் படுக்க அவர் போனதும் அங்கேதான். ஒரு படத்தில் செத்தவீட்டுக் காட்சி. பட்டணத்தில் சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வாடகைக்கு வந்து இறங்கியாயிற்று. அதற்குள் படுக்க ஒரு ஆள் வேண்டும். மாமரத்தின் கீழிருந்த அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். உயிரோடிருக்கும்போது பெட்டியில் ஏறுகிற விளையாட்டுக்கு எங்கள் பக்கத்தில் யார் வருவார்? கனிசியஸ் எழும்பி, சாரத்தைத் தட்டிக்கொண்டு போய், கால் வைத்து ஏறிப் படுத்தார். அவருக்கு அதில் பயமென்று ஒன்றும் இருக்கவில்லை. போகிற நாளில் தன்னைச் சுற்றி நின்று அழ ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். காசுக்காவது நாலு பேர் நின்று அழட்டுமே என்ற வீம்பு.

படுத்தபிறகுதான் அவருடைய பெறுமதி தெரிந்தது. மற்றப் பிணங்களுக்கு நெஞ்சு ஏறி இறங்கும், கண்மடல் துடிக்கும். இவர் சங்கு குளித்த ஆள். ஒன்றரை நிமிசம் மூச்சடக்குவார். மூக்கில் பஞ்சு வைத்து, நாடிக்கு வெள்ளைத்துணி கட்டி, முகத்தில் மா பூசிவிட்டால், கட்டிய பெண்சாதியே நம்புவாள். அன்றிலிருந்து பச்சைச் சாரம் போய், அவருக்கு 'பாடி' என்று பெயர் வந்தது. பாடி வந்தாச்சா, பாடிக்கு டச்சப் பண்ணு, பாடி சாப்பிட்டுதா. உயிரோடு நிற்கிறவர்களுக்குக் கொடுப்பதைவிடப் பாடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தார்கள்.

இனி மகனுடைய கதையைச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

கனிசியசுக்கு ஒரே ஒரு பிள்ளை, எமில்ராஜ். வள்ளத்தை விற்றுத்தான் பிரான்சுக்கு அனுப்பினார். போனவன் அங்கே பிரசாந்தி என்றொரு பெட்டையை விரும்பி, நகரசபையில் எழுத்து எழுதிவிட்டு, பிறகு தொலைபேசியில் சொன்னான். அவள் அளவெட்டிச் சைவக்காரரின் பிள்ளை, இவர்கள் கத்தோலிக்கர். கோயிலில் வைத்துத் தாலி கட்டாதவன் தன்னுடைய மகனே இல்லை என்று கனிசியஸ் கத்தினார். அளவெட்டியில் அந்தப் பெட்டையின் தகப்பன் நமசிவாயமும் ஏறக்குறைய இதையேதான் கத்தினாராம். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு மனிசர் இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒரே மனமாய் இருந்தார்கள்.

லூர்த்தம்மா பக்கத்து வீட்டு ஜெனிற்றாவின் கைபேசியில் களவாக மகனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கனிசியசுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். அந்தளவுக்கு விட்டுக்கொடுத்ததே பெரிய காரியம் என்று நினைப்பு. இரண்டு வருசத்தில் சீனி வருத்தம் முற்றி லூர்த்தம்மா கண்ணை மூடினாள்.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், ஆளைக் குளிப்பாட்ட முதல் அச்சகத்துக்கு ஆள் போய்விடும். படம் போட்டு, எங்கே பிறந்தவர், எங்கே இருந்தவர், யாருடைய பிள்ளை, யாருடைய மனைவி, யாருடைய தாய், பிள்ளைகள் எந்தெந்த நாடு என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, மரண அறிவித்தல் அடித்துச் சுவருக்குச் சுவர் ஒட்டவேண்டும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் செத்தவீடே இரண்டுபடும். நாலாஞ்சந்ததிப் பேரப்பிள்ளையின் பெயர் பிழையாய் வந்ததற்கு அச்சகத்துக்குக் காசு கொடுக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். லூர்த்தம்மாவின் அறிவித்தலுக்கு அச்சகத்தில் பிள்ளைகள் யாரென்று கேட்டபோது, பிள்ளைகள் பற்றி ஒன்றும் போடவேண்டாம் என்றார் கனிசியஸ். ஜெனிற்றா வாசலில் நின்று திட்டினாள். பங்குச் சுவாமியார் கூப்பிட்டுச் சொன்னார். மனிசன் அசையவில்லை. தாய்க்குப் பிள்ளை இல்லையென்று குருநகரிலிருந்து பாசையூர் வரைக்கும் ஒட்டிவிட்டார்.

அன்று முழுக்க அவருடைய சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அந்தச் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது நம்பர் எடுத்தார். செய்தது அநியாயம் என்பது ஒரு மாதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன? நாலு வருசம் போய்விட்டது. மகனுடைய நம்பர் ஜெனிற்றாவிடம் இருந்தது. மதிலுக்கு மேலால் கையை நீட்டிக் கேட்டால் தருவாள். அந்தக் கையை நீட்ட அவரால் முடியவில்லை. ஒவ்வொரு தடவை பெட்டிக்குள் படுக்கும்போதும் ஒரே யோசனைதான் ஓடும்: இது உண்மையாக இருந்தால் அவன் வருவானா?

இந்த வருசம் வந்தது பெரிய படம். சென்னையிலிருந்து முழுப் பட்டாளமும் வந்து அச்சுவேலியில் நடுமுற்றம் வைத்த ஒரு பழைய நாற்சார் வீட்டை இரண்டு கிழமைக்கு எடுத்தது. பாடிக்கும் பச்சைச் சாரத்துக்கும் யாரும் கதை சொல்வதில்லை. வானில் போகும்போது சிவரூபன்தான் சொன்னான். கனடாவில் இருக்கிற மகன், தகப்பனோடு கோபித்துக்கொண்டு பல வருசம் கதைக்காமல் இருந்து, தகப்பன் செத்ததும் ஓடிவந்து பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுகிறான். அழுது முடியப் பக்கத்து வீட்டுப் பெட்டையோடு காதல். அது மிச்சக் கதை. தகப்பன் நீங்கள்தான் அண்ணை என்றான். கனிசியஸ் யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் நாளே கலைப் பகுதி உதவியாளன் ஒருவன் அவரைத் தேடி வந்தான். பெரிய கண்ணாடி போட்டிருந்தபடியால் சனம் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர் வைத்திருந்தது. வீதிகளில் மரண அறிவித்தல்களைப் பார்த்த இயக்குநருக்கு அது பிடித்துப்போயிற்றாம். படத்திலும் தெருவெல்லாம் ஒட்டவேண்டும். என்னென்ன எழுதுவார்கள் என்று சும்மா ஒரு மாதிரிக்குச் சொல்லச் சொன்னான். பெயர்களை எல்லாம் பிறகு தான் மாற்றிக்கொள்வானாம்.

மாதிரிதானே. யாருடைய பெயரையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அறிவித்தலுக்கு என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. வாய் திறந்தால் செபம் மாதிரித் தன்பாட்டில் போகும். குருநகரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட சூசைப்பிள்ளை கனிசியஸ் அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்று தொடங்கினார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் இன்னாரின் அன்பு மகனும் என்றார். காலஞ்சென்ற லூர்த்தம்மாவின் அன்புக் கணவரும் என்றார். அவ்வளவில் நின்றது. கண்ணாடி பேனையைத் தூக்கியபடி, பிள்ளைங்க வருமா பெரியவரே என்று கேட்டான்.

"வரும். எழுது. எமில்ராஜ், பிரான்ஸ், அவர்களின் பாசமிகு தந்தையும் ஆவார்."

ஆறு வருசத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். பிரான்ஸ் அடைப்புக்குறிக்குள் வரவேண்டும் என்று கையால் வளைத்தும் காட்டினார். கீழே தொடர்புக்கு ஒரு நம்பர் போடாவிட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று தன்னுடைய புது நம்பரையும் கொடுத்தார். அன்றைக்குப் பார்சல் சோறு முழுவதும் சாப்பிட்டார். மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்தது.

இரண்டு நாளில் அச்சடித்து வந்தது. பெட்டிக்காக எடுத்த அவருடைய படம், அதன் கீழே அவர் சொன்னது சொன்னபடியே. கண்ணாடிக்குப் பெயர் மாற்ற நேரமில்லை. தூரத்திலிருந்து எடுக்கிறதுதானே, எழுத்துத் தெரியாது என்றான். கனிசியஸ் அந்த நேரம் ஒரு சத்தம் போட்டிருந்தால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கியிருப்பார்கள். அவர் சத்தம் போடவில்லை. அச்சுவேலிச் சந்தைச் சுவரில், மின்கம்பங்களில், பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் இருபது நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டி முடிந்ததும் சந்தைச் சுவருக்குக் கிட்டப் போய் நின்று இரண்டு தரம் வாசித்தார். தன்னுடைய மரண அறிவித்தலை வாசித்துச் சந்தோசப்பட்ட மனிசன் இந்தக் குடாநாட்டில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கதாநாயகன் வான் ஒன்றில் வந்து இறங்கி அதைப் பார்த்துத் திகைக்கிற காட்சியை எடுத்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். நோட்டீசைக் கிழிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கிழிக்கச் சொல்லி இவரும் சொல்லவில்லை.

பெட்டிக் காட்சி வியாழக்கிழமை. காலையிலிருந்தே பஞ்சு, மா, நாடிக்கட்டு எல்லாம் தயார். சுற்றிவர விளக்குகள், வாடகைப் பெட்டியின் உட்துணி வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைமாட்டில் சிலுவையும் மெழுகுதிரியும். அந்தப் படக் குடும்பத்தை வேதக்காரராக்கியதே சிலுவையும் பெட்டியும் கேமராவுக்கு வடிவாக இருக்கும் என்றுதான். கதாநாயகன் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு ஓடிவந்து, அவருடைய நெஞ்சில் விழுந்து, அப்பா நான் வந்துட்டேன்பா என்று கதறினான். முதல் தரம் கேட்டபோது கனிசியசுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. மூச்சை இழுத்துவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

அது சரிவரவில்லை. கண்ணீர் வலப்பக்கத்தால் வரவேண்டுமாம். திரும்ப ஓடிவந்து விழுந்தான். ஒரு தரம் மெழுகுதிரி அணைந்தது, ஒரு தரம் பின்னால் அழுத மனிசி ஒருத்தி சிரித்துவிட்டாள், ஒரு தரம் அவனுடைய தலைமயிர் கலைந்தது. ஐந்தாம் தரத்தில் அப்பா என்கிற சொல்லே விட்டுப்போய், விலா எலும்பில் விழுகிற பாரம் மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டு தரம் அழுதான் அந்த இரவல் மகன். பன்னிரண்டாவது சரியென்றதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவன் எழும்பி, முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கித் தன்னைப் பார்த்துவிட்டு, குளிரூட்டிய வாகனத்துக்குப் போனான். பெட்டிக்குள் ஒரு ஆள் கிடந்ததை அவன் பார்த்த மாதிரியே இல்லை. பாடிக்கு யாராவது தண்ணி குடுங்க என்று ஒரு குரல் கேட்டது.

கனிசியஸ் பெட்டிக்குள் எழும்பி இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடி அரிசிப் பையோடு வந்தான். இவருடைய கைபேசி ஒரு மணித்தியாலமாக ஓயாமல் அதிருகிறதாம், வெளிநாட்டு நம்பராம், ஒலிப்பதிவுக்காரர் ஏசுகிறாராம். கையில் வாங்கும்போதே திரும்பவும் அடித்தது. பிரான்ஸ் நம்பர். இறங்கி, நாற்சார் முற்றத்தைக் கடந்து, கிணற்றடிக்குப் போய் நல்ல காதில் வைத்தார். மூக்கில் பஞ்சு அப்படியே இருந்தது.

"வணக்கம் அண்ணை. கனிசியசின்ரை செத்தவீட்டுக்காரரோ கதைக்கிறது? நம்பர் நோட்டீசிலை கிடந்தது."

அந்தக் குரலை அவர் மறந்திருக்கவில்லை. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அச்சுவேலியில் லீவுக்கு வந்து நின்ற யாரோ மரக்கறி வாங்கப் போன இடத்தில் நோட்டீசைப் படம் எடுத்து, பாரிசில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்கு அனுப்பி, அது வேலையிடத்தில் நின்ற எமில்ராஜின் கைக்குப் போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம் என்றார். பஞ்சுக்குள்ளால் வந்த குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"நீங்கள் ஆர் அண்ணை?"

நான் தானடா, உன்ரை அப்பா என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அடுத்த நொடி வைத்துவிடுவான் என்று பயம் வந்தது. ஆறு வருசத்துக்குப் பிறகு கேட்கிற குரல். இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று ஆசையும் வந்தது. பக்கத்து வீடு என்றார். அந்த இரண்டு சொல்லை நினைத்து அவர் இன்றைக்கும் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார்.

வருத்தமாகக் கிடந்தவரோ என்று மகன் கேட்டான். இல்லை என்றார். கடைசியில் யார் பார்த்தது என்று கேட்டான். ஒருவரும் இல்லை என்றார். அதுவும் உண்மைதான்.

"அந்த நோட்டீசிலை என்ரை பேர் கிடக்கு. ஆர் போட்டது?"

"அவர்தான். அவர் தன்ரை வாயாலை சொல்லித்தான் எழுதினது."

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அப்பா அப்பிடிச் சொல்லமாட்டார். உங்களுக்கு அவரைத் தெரியாது, எனக்குத் தெரியும். நீங்கள் ஊர் என்ன சொல்லுமெண்டு பயந்து போட்டிருக்கிறியள்."

"தம்பி, சத்தியமாய் அவர்தான்..."

"அம்மாவின்ரை நோட்டீசிலை என்ரை பேர் இல்லை. பெத்தவளுக்குப் பிள்ளையில்லையெண்டு ஊர் முழுக்க ஒட்டினவர். அம்மாவின்ரையிலை இல்லாத பேர் எனக்கு அப்பாவின்ரையிலையும் வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை, அதை எடுத்துவிடுங்கோ."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. மருந்து விடாமல் அழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து மறந்துபோயிருந்த கனிசியசுக்கு அது நன்றாகவே கேட்டது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அழுகிறவனுக்கு நான் சாகவில்லை, படத்துக்கு நடிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அழவைத்து வேடிக்கை பார்த்ததாகத்தானே நினைப்பான்?

"எடுத்துவிடுறன்" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பக்கம் வைத்துவிட்டது. உள்ளேயிருந்து பாடி எங்கேயென்று கூப்பிட்டார்கள். மூடி போடுகிற காட்சி இன்னும் மிச்சம் இருந்தது. போய்ப் படுத்தார், மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெனிற்றா மதிலுக்கு மேலால் கத்திக் கூப்பிட்டாள். பாரிசிலிருந்து அவளுடைய சொந்தக்காரர் எடுத்துத் துக்கம் விசாரித்தார்களாம். ஆள் கல்லுப்போல இருக்கிறார், அது பட நோட்டீஸ் என்று அவள் எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம். எமில்ராஜுக்கும் தானே எடுத்துச் சொன்னாளாம். நோட்டீசில் கிடக்கிறது கனிசியஸ் அண்ணையின் சொந்த நம்பர்தான், அதிலேயே எடுத்துக் கதை என்றும் சொன்னாளாம். என்ன சொன்னவன் என்று கேட்டார் கனிசியஸ்.

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. அந்த நம்பரோ எண்டு ரெண்டு தரம் கேட்டான். பிறகு வைச்சிட்டான்."

ஆகவே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் யாரென்றும் தெரிந்துவிட்டது. இனி ஏசவாவது எடுப்பான் என்று கனிசியஸ் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். தூசணத்தால் ஏசினாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம், ஏசி முடிய மன்னிப்புக் கேட்கலாம் என்று சொல்லவேண்டியதையும் மனதுக்குள் அடுக்கிவைத்தார். குளிக்கப் போகும்போது கிணற்றுக் கட்டில் வைத்தார். சனிக்கிழமை படப்பிடிப்பில் அரிசிப் பைக்குள் போடமாட்டேன் என்று அடம்பிடித்து, சாரத்து மடிப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு மாமரத்தின் கீழ் இருந்தார். சிவரூபன் இரண்டு தரம், சிம்முக்குக் காசு போட வேண்டுமா என்று கேட்டான். அது அடிக்கவில்லை.

பின்னேரம் கண்ணாடியைத் தேடிப் பிடித்தார். நோட்டீசில் ஒரு பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து ஒட்டவேண்டும் என்றார். அவன் தாளுகளை அடுக்கியபடி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அந்த ஷாட் முடிஞ்சு போச்சு பெரியவரே. விடுங்க. அதை யாரு படிக்கப் போறாங்க?"

கனிசியசுக்கு முதல்முறையாக அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது. அடிக்க வேண்டியது அவனை அல்ல என்பதும் தெரிந்திருந்தது. திரும்பி வந்து வானில் ஏறினார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் தும்பு, லூர்த்தம்மாவின் மீன் வெட்டுகிற கத்தி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு அச்சுவேலி பஸ் ஏறினார். நோட்டீஸ்கள் வெயிலில் காய்ந்து சுவரோடு இறுகியிருந்தன. பஸ் நிற்கிற இடத்திலிருந்து தொடங்கினார். தண்ணீரைத் தொட்டு ஊறவைத்து, கத்தி முனையால் கவனமாகச் சுரண்டினார். மற்ற எழுத்தில் படாமல் ஒரு பெயரையும் அடைப்புக்குறிக்குள் கிடந்த நாட்டையும் மட்டும். இருபதுக்கும் பின்னேரம் வரை சென்றது. சந்தைச் சுவருக்கு வரும்போது, மரக்கறி விற்கிற மனிசி ஒருத்தி வெற்றிலையை மென்றபடி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உது நீங்களெல்லோ ஐயா என்று கேட்டாள்.

"ஓம். நான்தான்."

"பிறகேன் ஐயா உதைச் சுரண்டுறியள்?"

"ஒரு பேர் பிழையாய்ப் போட்டிட்டினம்."

நோட்டீஸ் முழுவதையும் கிழித்தெறிந்திருந்தால் வேலை சுகம். ஆனால் கேட்டவன் கேட்டது பெயரை மட்டும்தான். இவரும் அதற்குத்தான் ஓம் என்றவர். கடைசி நோட்டீசில் தும்பால் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். படம் இருந்தது, பிறந்த ஊர் இருந்தது, லூர்த்தம்மாவின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு விரற்கடைக்குச் சந்தைச் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. சுண்ணாம்புக்கு அடுத்தாற்போல், 'அவர்களின் பாசமிகு தந்தையும் ஆவார்' என்று எழுதியிருந்தது.